கடலுக்குப் போகும் புகை

அரபிக் கடலில் மினிக்காய் என்று ஒரு தீவு இருக்கிறது. அது லட்சத்தீவுகளின் தென்கோடியில் உள்ளது. அங்கே பெரிய நகரம் கிடையாது. லாரிக் கூட்டமும் கிடையாது. ஆனாலும் குளிர்காலத்தில் அந்தத் தீவின் வானம் மங்கிப் போகிறது. ஏன்?

காற்று திசை மாறுவதுதான் காரணம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று வீசும். அது நெடுந்தூரம் கடல் மேலேயே வருகிறது. அலை உடையும்போது நீர்த்துளி தெறிக்கும். துளி காய்ந்தால் உப்பு மிஞ்சும். அந்த உப்புத் தூளைக் காற்று சுமந்து வரும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். நம் ஊர்களின் மேலே வந்த காற்று அது. விறகடுப்புப் புகை, டீசல் புகை, ஆலைப் புகை எல்லாம் அதோடு சேர்ந்து போகும். அப்போது மழையும் குறைவு. புகையைக் கழுவ ஆள் இல்லை.

உப்புத் தூளும் தூள்தான், கரித்தூளும் தூள்தான். ஆனால் வெயில் பட்டால் இரண்டும் ஒன்றல்ல. வெள்ளைச் சட்டை போட்டு வெயிலில் நில்லுங்கள். பிறகு கருப்புச் சட்டை போட்டு நில்லுங்கள். எது சுடும்? உங்களுக்கே தெரியும். உப்பு வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். விழுங்காது. கரி வெளிச்சத்தை விழுங்கும். தானும் சூடாகும், சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கும். கீழே கடலுக்குப் போகும் வெயில் குறையும்.

இதை அளந்தே பார்த்தார்கள். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளின் விஞ்ஞானிகள் கப்பலிலும் விமானத்திலும் இந்தியப் பெருங்கடலைச் சுற்றினார்கள். வீரபத்திரன் ராமநாதன் அவர்களில் முக்கியமானவர். வட பகுதியில் கடல் மேல் பழுப்பு நிறப் புகை மூட்டம் இருந்தது. சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை இருந்தது! 3 கிலோமீட்டர் நடக்க அரை மணிக்கு மேல் ஆகும். அந்தத் தூரத்தை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். தெற்கே போகப் போக, நிலத்துக் காற்று எட்டாத இடத்தில், காற்று சுத்தமாக இருந்தது.

கடலில் விழும் வெயில் புகையால் 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும். அந்த ஆவிதானே மழை? அதனால் நாட்டின் பருவமழை குறையக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். உழவருக்கு இது சின்ன விஷயமா?

ஒன்று மட்டும் ஆறுதல். கரித்தூள் வெகுநாள் காற்றில் நிற்காது. ஒரு வாரம் போலத்தான் நிற்கும். புகை போவது நின்றால், சில வாரங்களில் வானம் தெளிந்துவிடும்.