மாணிக்கம் சொல்லும் அழுத்தம்

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் வைரமும் மாணிக்கமும் பார்த்திருப்பீர்கள். பூமியின் ஆழத்தில் பாறை என்ன ஆகிறது என்று ஆராய்பவர்களுக்கும் இந்த இரண்டும் வேண்டும். வைரம் அழுத்துவதற்கு, மாணிக்கம் அளப்பதற்கு.

தோண்டிப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். லிட்டில் இந்தியா வழியாகப் போகும் டௌன்டவுன் ரயில் பாதையில் பென்கூலன் நிலையம் 43 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எண்ணெய் சேமிக்கும் ஜூரோங் பாறைக் குகைகள் சுமார் 150 மீட்டர் ஆழம். ரஷ்யாவின் கோலாவில் துளைத்த துளை 12,262 மீட்டர். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பூமியின் மூடகமோ ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது! அங்கே நாம் போக முடியாது. ஆனால் அங்குள்ள அழுத்தத்தை மேசைமேல் உண்டாக்க முடியும்.

இரண்டு வைரங்களின் முனைகளைச் சற்றே தட்டையாகத் தீட்டி, எதிரெதிரே வைப்பார்கள். நடுவில் துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு. அந்தத் துளைக்குள் தூசி அளவு பாறைத்துண்டு. திருகைத் திருகினால் வைரங்கள் நெருங்கும். முனையின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 74 கிலோ எடையுள்ள ஒருவரின் முழுப் பாரமும் இறங்கினால் 23 கிகாபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தைப்போலச் சுமார் 230,000 மடங்கு. 660 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைகள் தாங்குவது இதைத்தான். வைரம் ஒளியைத் தன்னூடே போகவிடும் என்பதால், லேசரை உள்ளே செலுத்திப் பாறையை 2,000 டிகிரிக்கு மேல் சூடாக்கவும் முடிகிறது.

இந்தக் கருவி 1950களின் இறுதியில் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் பிறந்தது. அதற்கு முதலில் கிடைத்த வைரங்கள் கடத்தல்காரர்களிடம் பிடிபட்டவை! பின்னாளில், 1983இல், இந்தக் கருவியைப் பற்றி உலகெங்கும் படிக்கப்பட்ட நீண்ட ஆய்வுக்கட்டுரையை எழுதியவர் ஏ. ஜெயராமன். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர் அவர். ராமனுக்கும் வைரங்கள் என்றால் தீராத ஆசை.

அழுத்துவதைவிட எனக்குப் பெரிய வியப்பு, அளப்பதுதான். அவ்வளவு சிறிய துளைக்குள் எந்த அளவுமானியை வைப்பது? 1972இல் அதே தரநிர்ணய நிறுவனத்தினர் விடை கண்டார்கள். பாறைத்துண்டின் அருகே ஒரு மாணிக்கத் துணுக்கைப் போட்டு, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியின் அலைநீளம் சாதாரணமாக 694 நானோமீட்டர். அழுத்தம் ஒரு கிகாபாஸ்கல் கூடினால் அலைநீளம் சுமார் 0.36 நானோமீட்டர் நீளும்.

சரி, மாணிக்கம் காட்டும் அளவு சரிதான் என்று எப்படி நம்புவது? அதற்கு வேறொரு சோதனை. மிக வேகமாகப் பாயும் தகட்டைச் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள்மேல் மோதவிடுவார்கள். தகட்டின் வேகத்தையும் மோதலில் எழும் அதிர்ச்சி அலையின் வேகத்தையும் அளந்தால், நியூட்டனின் விதிகளைக்கொண்டு அழுத்தத்தைக் கணக்கிடலாம். அந்த அழுத்தத்தில் உலோகம் எவ்வளவு சுருங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். பிறகு அதே உலோகத்தையும் மாணிக்கத்தையும் ஒன்றாக வைரங்களுக்கிடையே அழுத்தி, உலோகத்தின் சுருக்கத்தை எக்ஸ் கதிரால் பார்ப்பார்கள். 1978இல் இப்படித்தான் மாணிக்கத்துக்கு அளவுகோல் எழுதினார்கள்.

660 கிலோமீட்டர் ஆழத்தில் நிலநடுக்க அலைகளின் வேகம் திடீரென்று கூடுகிறது. அங்குள்ள கனிமம் உடைந்து பிரிட்ஜ்மனைட் என்ற அடர்ந்த கனிமமாக மாறுவதே காரணம் என்பதை வைரங்களுக்கிடையே அழுத்திப் பார்த்த சோதனைகள் காட்டின. பூமியில் மிக அதிகமாக உள்ள கனிமம் அதுதான். உயர் அழுத்த ஆய்வுக்கு 1946இல் நோபல் பரிசு பெற்ற பெர்சி பிரிட்ஜ்மன் நினைவாக 2014இல் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்த ஆழத்தில் அளவுகோல் ஒரு கிகாபாஸ்கல் தவறினாலும், நாம் கணிக்கும் ஆழம் 25 கிலோமீட்டர் தவறிவிடும். அதனால்தான் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, மாணிக்கத்தின் அளவுகோலை 2020இல் மறுபடியும் திருத்தினார்கள்.