வீட்டில் கேட்கும் மணி, வீதியில் ஏன் கேட்பதில்லை?

குழந்தைகளே, எங்கள் வீட்டு மணி ஒரு நாட்டு நாய். செம்பட்டை நிறம். ஒரு காது மட்டும் மடிந்து தொங்கும். முற்றத்தில் நின்று, "மணி, வா!" என்றால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வருவான். பத்து முறை கூப்பிட்டால் பத்து முறையும் வருவான். பல வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு, நாய்க்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டார். எதிர்ப்பக்கம் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. மணி அம்பு மாதிரி பாய்ந்தான். "மணி, வா! வா! மணி!" என்று கத்தினேன். காதே இல்லாதவன்போல ஓடினான். டவுன் பஸ் ஒன்று கிறீச்சென்று நின்றது. சக்கரத்துக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு சாண் இருந்தால் அதிகம். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "டீச்சர், நாயைக் கட்டிப் போடக்கூடாதா? பிரேக் போட்டதுல உள்ளே கைப்பிள்ளைக்காரி ஒருத்தி விழப் பார்த்தாங்க" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"திமிர் பிடிச்ச நாய்! வேணும்னே கேக்காம ஓடுறான்" என்று திட்டிக்கொண்டே சங்கிலியை எடுத்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "ஆச்சி, நீங்க அவனுக்கு வீட்டுக்குள்ளதானே சொல்லிக் குடுத்தீங்க? ரோட்டுல சொல்லிக் குடுக்கலையே?"

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகக்கூடச் சொல்லும் பையன், இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்ததும் 'ஈரெட்டு' என்று கேட்டாலே விழிப்பான். அவனை நான் திமிர் பிடித்தவன் என்று சொன்னதில்லையே!

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாடு வைப்பதற்கு முன் ஓர் ஒலியை எழுப்புவார். பல நாள் இப்படிச் செய்தபின், ஒலியைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். இது நீங்கள் கேள்விப்பட்டதுதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. உதவியாளர் ஒருவர் நாயை நன்றாகப் பழக்கிவிட்டு, "வந்து பாருங்கள் ஐயா" என்று பாவ்லோவைக் கூப்பிடுவார். அவர் அறைக்குள் வந்ததும் நாய் அவரையே உற்றுப் பார்க்கும், மோப்பம் பிடிக்கும். ஒலி கேட்கும், எச்சில் ஊறாது! பழகிய பாடம் மறந்து போகவில்லை. புதிய ஒன்று வந்து அதை அமுக்கிவிட்டது. கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், கனமான சுவர்களோடு, சுற்றிலும் அகழிபோலப் பள்ளம் தோண்டி, வெளிச் சத்தம் உள்ளே வராத ஒரு தனிக் கட்டடமே எழுப்பினார்கள். அதற்கு 'மௌனக் கோபுரம்' என்று பெயர்.

நோபல் பரிசு வாங்கியவருக்கே அந்தக் கதி என்றால் எனக்கு என்ன? ஆனால் நம் தெருவில் மௌனக் கோபுரம் கட்ட முடியாதே! மணிதான் கோழி, பஸ், டீக்கடை எல்லாவற்றுக்கும் நடுவே பாடம் படித்தாக வேண்டும்.

நாய்க்கு 'வா' என்பது வெறும் சொல் இல்லை. அந்த முற்றம், அங்கே நான் நிற்கும் விதம், சுற்றிலும் உள்ள அமைதி எல்லாம் சேர்ந்துதான் அதற்கு 'வா'. இடம் மாறினால் பாடமே புதிதாகிவிடும். ஆகவே ஒன்றாம் வகுப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.

முதல் வேலை, வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்வது. நான் 'வா' என்பேன், மகன் 'கம்' என்பான், பேத்தி 'இங்க வாடா செல்லம்' என்பாள். பாவம், நாய் எதைக் கேட்கும்? (எங்கள் தெருவில் பாதி நாய்களுக்கு இங்கிலீஷ்தான் தெரியும். நம் மணிக்குத் தமிழே போதும் என்று முடிவு செய்தோம்.)

சம்பளமும் முக்கியம். கோழியை விட்டுவிட்டு வரவேண்டுமானால், காய்ந்த ரொட்டித் துண்டுக்காக யார் வருவார்கள்? உப்பு, மசாலா போடாமல் அவித்த ஈரலைப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வந்தால் ஒரு துண்டு. தெருவில் வந்தால் ஒவ்வொன்றாக நான்கைந்து துண்டு.

வீட்டுக்குள், பிறகு முற்றம், பிறகு மூடிய கேட்டுக்கு உள்ளே. அதன் பிறகே, ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், 20 அடி நீள நூல் கயிற்றோடு தெருவுக்குப் போனோம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நான் சுற்றிக்கொண்டேன். மணி ஒரு பூனையைப் பார்த்து இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு வாரம் எரிந்தது.

கோழி விஷயத்தில் தூரம்தான் சூட்சுமம். கோழி மிக அருகில் இருந்தால் மணிக்கு நான் கூப்பிடுவது காதில் ஏறாது. தெருமுனையில் இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடுவான். அங்கேதான் தொடங்கினோம். நன்றாக வந்தால் மறுநாள் பத்தடி கிட்டே. இரண்டு முறை தொடர்ந்து தவறினால் திட்டாமல் மறுபடி தள்ளிப் போவோம். தவறியது மணி அல்ல, அவசரப்பட்ட நான்.

இன்னொரு பெரிய தப்பையும் கண்டுபிடித்தேன். குளிப்பாட்ட, கட்டிப்போட, அடிக்க என எல்லாவற்றுக்கும் 'வா' என்றே கூப்பிட்டிருக்கிறேன். பஸ் சம்பவத்தன்றுகூட அவன் திரும்பி வந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். வந்தால் அடி என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! இப்போது குளிக்க வைக்க நானே அவனிடம் போகிறேன்.

2016 குடியரசு தின அணிவகுப்பில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு ராணுவ நாய்கள் கலந்துகொண்டன. மொத்தம் 36 நாய்கள். பேண்டு வாத்தியம், ஆயிரக்கணக்கான மக்கள் எல்லாவற்றையும் தாண்டி, பக்கத்தில் நடக்கும் வீரரோடு கால் பிசகாமல் நடந்தன. மீரட்டில் உள்ள ராணுவ மையத்தில் பயிற்சி பெற்றவை அவை. அவற்றுக்கு அதுவே முழுநேர வேலை. மணிக்கு நாங்கள் கொடுத்தது காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம்தான். அதற்கு மேல் போனால் கொட்டாவி விடுவான். வகுப்பில் நீங்கள் விடுவதுபோலத்தான்!

தீபாவளி வெடி மட்டும் வேறு கதை. அது கவனச் சிதறல் இல்லை, பயம். அன்று பாடமே வேண்டாம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பழக்குவதானால் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட உங்கள் வீட்டு நாயைத்தான் பழக்க வேண்டும். தெருவுக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கூட வரவேண்டும். தெரு நாய்களிடம் முயற்சி செய்யவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை எங்களுக்கு இன்னும் தேறாத பாடம். அந்தப் பக்கம் கயிறு இல்லாமல் போவதே இல்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலை. கேட் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. நான் திண்ணையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே அதே கோழி! மணி கேட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்துவிட்டான். எனக்கு நெஞ்சு அடைத்தது. "மணி, வா!" என்று ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டேன். சாலை ஓரத்தில் நின்றான். ஒரு காதை நிமிர்த்திக் கோழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி ஓடி வந்தான். ஈரல் டப்பா உள்ளே இருந்தது. தட்டிலிருந்த இட்லி இரண்டையும் கொடுத்துவிட்டேன். மென்று விழுங்கியபடியே கோழியை இன்னொரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.