ஈரலுக்குள் மறைந்திருக்கும் கிருமி

எகிப்தில் நைல் நதிக்கரைக் கிராமங்களில் வாய்க்கால் தண்ணீரில்தான் வயல்வேலையும் நடக்கும், உடுப்புத் தோய்ப்பதும் நடக்கும். அந்தத் தண்ணீரில் வாழும் நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒருவகைப் புழு, மனிதரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். இந்த நோயைக் குணப்படுத்த 1950களிலிருந்து 1980களின் தொடக்கம்வரை அரசாங்கமே மக்களுக்கு ஊசி போட்டது. கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கிருமி நீக்காமல் ஒருவருக்குப் போட்டதையே அடுத்தவருக்கும் போட்டார்கள். நன்மை செய்யப்போன அந்த ஊசிகளால் ஹெபடைற்றிஸ் சீ என்ற ஈரல் நோய் இலட்சக்கணக்கானோருக்குப் பரவியது. அதன் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான்!

செங்கண்மாரி என்றால் கண்ணைப் பார்த்தே அறிந்துகொள்வோம், கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுப்போம். நாட்பட்ட ஹெபடைற்றிஸ் சீ அப்படியல்ல. பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை. களைப்பு மட்டும் இருக்கலாம். பெண்களின் களைப்பை யார் நோயாக எடுக்கிறார்கள்? இருபது, முப்பது வருடங்களில் சிலருக்கு ஈரல் தழும்பேறிச் சுருங்கி, வயிற்றில் நீர் கட்டும். புற்றுநோயும் வரலாம். கீழ்க்காய்நெல்லி இந்த வைரசை அழிக்காது.

முன்னர் இதற்கு இன்ரபெரோன் ஊசியும் றிபாவிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். பலருக்கு 48 வாரங்கள் தேவைப்பட்டன. காய்ச்சல், குருதிச்சோகை, தலைமயிர் கொட்டுதல், கடும் மனச்சோர்வு என்று பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படியும் குணமடைந்தவர்கள் பாதிப்பேரளவில்தான்.

2013இன் இறுதியில் சொபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் வேலையையே இது தடுக்கிறது. இன்னொரு மருந்துடன் சேர்த்துப் பெரும்பாலும் 12 வாரங்கள் விழுங்கினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஆனால் விலை? அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டொலர். எகிப்து பேரம் பேசி 2014இல் 900 டொலருக்கு வாங்கியது. பின்னர் உள்நாட்டிலேயே இன்னும் மலிவாகத் தயாரித்தது. 2018 ஒக்ரோபரிலிருந்து ஏழு மாதங்களில் ஏறக்குறைய 5 கோடிப் பேரின் குருதியைச் சோதித்து, நோயுள்ளவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. உயிர்காக்கும் மருந்துக்கு ஆயிரக்கணக்கில் விலை வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

இலங்கையில் இந்நோய் குறைவு. தானமாகப் பெறும் குருதியும் இதற்காகச் சோதிக்கப்படுகிறது. ஆயினும் முன்பு காயப்பட்டுக் குருதி ஏற்றியவர்கள், நெடுங்காலம் குருதிச் சுத்திகரிப்புச் செய்பவர்கள் தமக்குப் பரிசோதனை தேவையா என வைத்தியரிடம் கேட்பது நல்லது. இதற்குத் தடுப்பூசி இல்லை.

ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, கட்டியணைப்பதாலோ இது தொற்றாது. நோயுள்ள பெண்ணை அடுக்களைக்குப் புறம்பாக வைப்பது அநியாயம். சவர அலகு, பல்தூரிகை போன்றவற்றை மட்டும் பகிரக்கூடாது. பால் கொடுக்கலாம், முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் ஆறும்வரை நிறுத்தவேண்டும். கர்ப்பிணித் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு அளவில்தான். கர்ப்பகாலத்தில் வழமையாக இம்மருந்துகளைத் தொடங்குவதில்லை. ஆகவே பிள்ளை பெற எண்ணுபவர்கள் முன்கூட்டியே வைத்தியருடன் கதைக்கவேண்டும்.

இன்னொன்று: முதற் பரிசோதனை காட்டுவது வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பொருளைத்தான். குணமான பின்னும் அது குருதியில் இருக்கும். வைரஸ் உண்டா என்பதை இரண்டாவது பரிசோதனையே சொல்லும். சிகிச்சை முடிந்து 12 வாரங்களின் பின் அதைச் செய்து, முடிவைக் கிளினிக் கொப்பியோடு பத்திரமாக வைத்திருங்கள். வேறு வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தத் தாளைக் காட்டினால், பழைய நோய் இன்னும் இருப்பதாக யாரும் உங்களைப் பயமுறுத்தமாட்டார்கள்.