குழந்தையின் இசைக்கருவிக்குப் பாடல் எங்கே பெறுவது?

இணைய வசதியற்ற சிறு இசைக்கருவி ஒன்றைக் குழந்தைக்கு வாங்கித் தந்தோமாயின், அதில் இடுவதற்குரிய பாடல்களை எங்கே பெறுவது என்னும் வினா எழுகின்றது. மாதச் சந்தா பெறும் நிறுவனங்களிலும் பாடலை இறக்கிக்கொள்ளலாம். எனினும் அக்கோப்பு பூட்டப்பட்டது. அந்நிறுவனத்தின் செயலியில் மட்டுமே ஒலிக்கும். சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். வாடகை வீட்டில் நட்ட தென்னைதான் அது!

ஆகவே, பாடலைப் பூட்டின்றி விலைக்குத் தரும் கடையையே நாம் நாடுதல் வேண்டும். ஐடியூன்ஸ் கடை 2009ஆம் ஆண்டில் பாடல்களின் பூட்டை நீக்கியது. ஆயினும் அது தரும் ஏஏசி வகைக் கோப்பை மலிவான கருவிகள் சில ஏற்பதில்லை. பேண்ட்கேம்ப் தளத்திலோ எம்பி3 வடிவிலேயே பெறலாம். நடுத்தர ஒலித்தரத்தில் 4 நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ 4 மெகாபைட் இடம் போதும். வாங்கியவற்றின் படி ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்வோமாக. கருவியைக் குழந்தை தொலைக்காதிருக்கும் என்பதற்கு உறுதியில்லை.