பொம்மை சொல்லும் எடைக் கணக்கு

பட்டணத்துக் கடைகளில் நீண்ட கழுத்தும் நீண்ட வாலுமாக டைனோசர் பொம்மைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை அதைக் கேட்டு அடம் பிடிக்கும். “சம்பளம் போடட்டும், பார்க்கலாம்” என்று நாம் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவோம். பொம்மைக்குப் போய்க் காசைக் கொட்டுவதா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய பொம்மைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி ஆராய்ச்சி செய்த பேராசிரியர் ஒருவர் இருந்தார் என்றால் நம்புவீர்களா?

எல்லா டைனோசர் பொம்மைகளும் ஒன்றல்ல. அவற்றில் ‘அளவு மாதிரி’ என்று ஒரு வகை உண்டு. கிடைத்த எலும்புகளை அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்தவை அவை. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்காக 1970களில் ‘இன்விக்டா’ நிறுவனம் இவற்றைச் செய்தது. அமெரிக்காவின் கார்னகி அரும்பொருளகத்தின் பெயரில் 1988 முதல் 2015 வரை வேறொரு வரிசை வந்தது. அதன் அளவு நாற்பதில் ஒரு பங்கு. 26 மீட்டர் நீளமுள்ள டிப்ளோடோக்கஸ் அந்தக் கணக்கில் 65 சென்டிமீட்டர் ஆகிவிடும். தபால்தலை சேர்ப்பது போல இவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பலர்.

இனி எடைக்கு வருவோம். நீளம் 40 மடங்கு, அகலம் 40 மடங்கு, உயரம் 40 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 64,000. வாளி நிறையத் தண்ணீர் வைத்து, மாதிரியை முழுதும் அமிழ்த்துங்கள். வழிந்த தண்ணீர் 300 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை 64,000ஆல் பெருக்கினால் 19,200 லிட்டர். உயிர்களின் உடல் ஏறத்தாழத் தண்ணீரின் கனமே உடையது. ஆகவே அந்த விலங்கு சுமார் 19 டன்!

இங்கிலாந்துப் பேராசிரியர் மெக்நீல் அலெக்சாண்டர் 1985இல் லண்டன் அரும்பொருளக மாதிரிகளைக் கொண்டு இப்படித்தான் கணக்கிட்டார். பிரேக்கியோசோரஸ் சுமார் 47 டன் என்று அவருக்கு விடை வந்தது. அதற்கு முன் 1962இல் அமெரிக்கரான எட்வின் கோல்பர்ட் வேறொரு மாதிரியை வைத்து 78 டன் என்றார். 2009இல் மைக்கேல் டெய்லர் சொன்னதோ 23 டன்தான்.

ஒரே விலங்குக்கு ஏன் மூன்று எடை? எலும்புதான் கிடைத்தது, சதை கிடைக்கவில்லை. மாதிரி செய்பவர் வயிற்றைப் பருமனாக்கினால் எடையும் கூடும். மேலும், இவற்றின் கழுத்தெலும்புகளில் பறவைகளுக்கு இருப்பது போலக் காற்றறைகள் இருந்தன. அத்தனை நீளக் கழுத்தைத் தூக்க முடிந்ததற்கு அந்த இலேசும் ஒரு காரணம். ஆகவே பொம்மையின் உருவம் தவறினால் கணக்கும் தவறும்.

வாங்குமுன் வாலைக் கவனியுங்கள். லண்டனில் 1905இல் நிறுத்தப்பட்ட டிப்ளோடோக்கஸ் வாலைத் தரையில் இழுத்தபடி இருந்தது. பாறைகளில் பதிந்த காலடித் தடங்களின் நடுவே வால் இழுபட்ட கோடு அரிதாகவே காணப்படுவதால், 1993இல் வாலை உயர்த்தி அமைத்தனர். வால் தரையில் கிடக்கும் பொம்மை பழைய எண்ணத்தைக் காட்டுகிறது.

வாங்க வசதியில்லையா? கவலை வேண்டாம். பிளாஸ்டிசின் களிமண்ணில் பிள்ளைகளே அளந்து செய்யலாம். சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், 2015இல் திறக்கப்பட்ட லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிடைத்த மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகள் அங்கே நிற்கின்றன.

பெற்றோர்களே! பிள்ளை பொம்மை கேட்டால், கூடவே ஓர் அளவுகோலையும் கையில் கொடுங்கள். விளையாட்டோடு கணக்கும் வரும்.