ஒளிப்படத் திருத்த மென்பொருள்: தேர்வும் தொடக்கநிலைப் பயிற்சியும்

ஒளிப்படத் திருத்த மென்பொருள் என்பது எண்முறை ஒளிப்படங்களின் அளவு, ஒளி, நிறம் ஆகியவற்றை மாற்றவும், குறைகளை நீக்கவும், பல படங்களை ஒன்றாக இணைக்கவும் பயன்படும் கணினி மென்பொருள் ஆகும். கருவிகளின் பெயரும் இடமும் வேறுபட்டாலும் அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலும் பொதுவானவை. அவற்றை ஒரு மென்பொருளில் நன்கு கற்றவர் பிறவற்றுக்கு எளிதில் மாறலாம்.

வகைகள்

போட்டோஷாப், கிம்ப் போன்றவை படப்புள்ளிகளை நேரடியாக மாற்றவும் படங்களை இணைக்கவும் ஏற்றவை. லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவை கேமரா பதிவுசெய்யும் 'ரா' கோப்புகளைச் செயற்படுத்துவதற்கானவை; இவை மூலக் கோப்பைத் தொடாமல் மாற்றங்களைத் தனியே குறித்துவைக்கின்றன.

தேர்வு

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் மக்கின்டோஷ் கணினிகளுக்காக வெளியானது. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையில் கிடைக்கின்றன. கிம்ப், 1995இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் கட்டணமின்றி இயங்குகிறது.

விலையுடன், கோப்புகளின் எதிர்காலமும் கருதத்தக்கது. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்புகளைக் கிம்ப் திறந்தாலும் அவற்றின் எல்லாக் கூறுகளும் முழுமையாக வருவதில்லை. எனவே சந்தாவை நிறுத்த நேர்ந்தால் பழைய வேலைகளைத் திருத்துவது கடினமாகலாம். அச்சகம் அல்லது விளம்பரத் துறையில் பணிபுரிய விரும்புவோர் அங்குப் பயன்படும் மென்பொருளைக் கற்பது நன்று. பிறர் கட்டற்ற மென்பொருளில் தொடங்கலாம்.

கற்கும் வரிசை

1. வெட்டுதல், நேராக்குதல்: சாய்ந்த படத்தை நிமிர்த்தி, தேவையற்ற ஓரங்களை நீக்குதல்.
2. ஹிஸ்டோகிராம்: படத்தின் இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் ஒளிமிக்க பகுதிகளை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். வலது ஓரத்தில் குவியல் முட்டி நின்றால் வெளிச்சப் பகுதிகளின் நுண்விவரங்கள் இழக்கப்பட்டிருக்கலாம்.
3. வெண்சமநிலை: குண்டு விளக்கொளியில் எடுத்த படத்தின் மஞ்சள் சாயலைச் சரிசெய்தல்.
4. அடுக்குகள், மறைப்பு: அடுக்கு என்பது படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போன்றது. மறைப்பில் கறுப்பு பூசிய இடம் மறையும். வெள்ளை பூசினால் மீண்டும் தோன்றும். அழிப்பானால் அழித்த பகுதியைக் கோப்பை மூடிய பின் மீட்பது இயலாது.

மூலப் படத்தைப் பாதுகாத்தல்

தொடக்கநிலையாளருக்குப் பேரிழப்பை ஏற்படுத்துவது மூலக் கோப்பின் மீதே சேமிப்பதாகும். 4000 × 3000 அளவுள்ள படத்தில் 1.2 கோடி படப்புள்ளிகள் உள்ளன. அதை 800 × 600 ஆகச் சுருக்கி அதே பெயரில் சேமித்தால் 4.8 இலட்சம் மட்டுமே, அதாவது 25இல் ஒரு பங்கே எஞ்சும். அதை மீண்டும் பெரிதாக்கினாலும் இழந்த விவரம் திரும்பாது. ஜேபெக் வடிவம் இழப்புடன் சுருக்குவதால், திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதும் தரம் குறைகிறது.

ஆகவே முதலில் படியெடுத்து, படியில் மட்டுமே திருத்த வேண்டும். கிம்ப்பில் 'சேமி' கட்டளை அடுக்குகளுடன் எக்ஸ்சிஎஃப் கோப்பை உருவாக்கும். ஜேபெக் பெற 'ஏற்றுமதி' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்சிஎஃப் கோப்பையும் வைத்திருந்தால் பின்னர் மீண்டும் திருத்தலாம்.