கோவளத்தில் நீலக் கொடி, முகத்துவாரத்தில் கருஞ்சேறு

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக் கொடிச் சான்றிதழ் கிடைத்தது. அதற்காகக் கடல்நீரில் கிருமிகளை எண்ணுகிறார்கள். 100 மில்லி நீரில் ஈ.கோலை 250, குடல்வாழ் என்டரோகாக்கஸ் 100 என்பது வரம்பு. இரண்டும் குடலில் வாழ்பவை. கழிவறைத் தண்ணீர் கடலில் கலந்திருக்கிறதா என்பதற்கு அவைதான் சாட்சி.

சற்று வடக்கே முட்டுக்காடு முகத்துவாரம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரிநீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தென் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இங்கேதான் கடலைத் தொடுகிறது. வழியெல்லாம் சேரும் புறநகர்ச் சாக்கடையும் கூடவே வருகிறது.

சாக்கடை தேங்கும் இடத்தில் சேற்றைக் கிளறினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும். காரணம் எளிது. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் முதலில் நீரில் கரைந்த ஆக்சிஜனைக் காலி செய்கின்றன. மீன்கள் அப்போதே திணறத் தொடங்கும். பிறகு, ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 2.7 கிராம் சல்பேட் இருப்பதால், உப்பங்கழியில் அவற்றுக்குக் குறையே இல்லை. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் நாற்றம். அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அந்தச் சேறும் கழிவைச் சிதைக்கத்தான் செய்கிறது. மெதுவாக, மீன்களைப் பலிகொடுத்து.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது இதே தீனிதான், காற்று ஊட்டிய தீனி. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். அடியில் படிந்த கசடைக் கொட்டிவிடாமல் புதுக் கழிவுநீரோடு மறுபடி சேர்த்தார்கள். கசடு முழுக்கப் பசியோடிருந்த நுண்ணுயிர்கள். வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தொட்டிக்குள் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. சோறு, எண்ணெய், மலம் ஆகியவற்றின் கரிமப் பொருளைத் தின்பவை வேகமாகப் பெருகும். தின்றபடியே ஒன்றோடொன்று ஒட்டித் திரளாவதால், கனத்து அடியில் படியும், மேலே தெளிநீர் நிற்கும். மணி வடிவ வோர்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிரிகள் திரளில் ஒட்டாமல் திரியும் பாக்டீரியாக்களை வடிகட்டித் தின்னும். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது நைட்ரோசோமோனாஸ். அதை நைட்ரேட்டாக்க வேறு கூட்டம் உண்டு. இந்த வகையினர் சோம்பேறிகள். ஒருமுறை இரட்டிப்பாகவே சுமார் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். செத்தால் மீண்டும் படை திரட்ட வாரங்கள் பிடிக்கும்.

சொந்தச் சுத்திகரிப்புத் தொட்டி வைத்திருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு இதுதான் தலைவலி. சனி, ஞாயிறு கூட்டம் வழிகிறது, திங்களன்று தொட்டி பட்டினி கிடக்கிறது. வரும் கழிவுநீரை முதலில் ஒரு சமன்தொட்டியில் தேக்கி, சீராக விட்டால் சமாளிக்கலாம். கழிவறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் அள்ளிக் கொட்டினால் சமாளிக்க முடியாது.

காற்றுத் தொட்டியில் லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் காற்றூதும் ப்ளோயரை நிறுத்துகிறவர், தன் வாசலிலேயே ஒரு குட்டி முகத்துவாரத்தைக் கட்டிவைக்கிறார்.